கிங்ஸ் ஸ்பீச் படத்துல ஸ்பீச் எழுதிக் கொடுக்கறவங்களுக்கு என்னங்க இருக்கு?

பின்னணிக்குரல்:

வணக்கம் மக்களே. நான் ஒரு தனியார் கம்பெனில கம்யூனிகேஷன்ஸ் டீம்ல இருக்கேன். விசிட்டிங் கார்டுல பதவி பேரு பெருசா போட்டிருக்கும், ஆனா பாதி வேலை எங்க எம்.டி.க்கு ஸ்பீச் எழுதிக் கொடுக்கறதுதான். ஆண்டு விழா, டீலர் மீட்டிங், காலேஜ்ல சீஃப் கெஸ்ட்டா கூப்பிட்டா அது, யாராவது ரிட்டையர் ஆனா அது, எல்லாமே நம்ம தலைலதான். மனுஷன் கேபின்ல உக்காந்து பேசினா கேட்டுட்டே இருக்கலாம், அவ்ளோ சுவாரசியமா பேசுவாரு, ஆனா பேப்பரைக் கையில குடுத்து மைக் முன்னாடி நிக்க வெச்சா வேற ஆளா ஆயிடறாரு, குரல் தட்டையாகுது, வேகம் எகிறுது, புள்ளி வெச்ச இடத்துல நிக்காம வாக்கியத்துக்கு நடுவுல எங்கயோ மூச்சு வாங்கறாரு.

இதை டீம்ல புலம்பினப்போ சீனியர் ஒருத்தர் 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்தைப் பாரு, எல்லாம் புரியும்னாரு. 2010ல வந்த படம், காலின் ஃபர்த் ஆறாம் ஜார்ஜ் மன்னரா நடிச்சது, பேச்சு திக்கற ராஜா, அவருக்குப் பயிற்சி குடுக்கற ஆஸ்திரேலியாக்காரர் லயனல் லோக், கடைசில 1939 செப்டம்பர் 3 அன்னிக்கு போர் அறிவிச்ச ரேடியோ பேச்சு. பாத்தேன். படம் அருமை, அதுல சண்டை இல்ல.

ஆனா படம் முழுக்க பேசறவரோட கதைதானே? வாய்க்குள்ள கோலிகுண்டு, தரையில உருளறது, கெட்ட வார்த்தை, பாட்டுப் பாடறது, எல்லாம் நாக்கையும் மூச்சையும் பத்தினது. கடைசில யாரோ டைப் அடிச்ச பேப்பர் வந்து சேருது, எழுதினவருக்கு அந்தப் படத்துல கிடைச்ச இடம் அவ்ளோதான். யார் எழுதினா, எத்தனை டிராஃப்ட் போச்சு, எதை யார் அடிச்சா, ஒண்ணுமே காட்டல. அப்புறம் எப்படி இது எழுதறவங்களுக்குப் பாடம்? பேசறவங்களுக்கான படத்தை நம்ம தலைல கட்டறாங்களா, இல்ல எனக்குத்தான் கண்ணுல படலையா? இந்த வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.


மைக்டெஸ்டிங்:

சரியான இடத்துலதான் கை வெச்சிருக்கீங்க. எழுதினவரு படத்துல இல்ல, உண்மைதான், ஆனா அந்தப் பேப்பர் வந்ததுக்கு அப்புறம் அதுக்கு என்ன கதி ஆகுதுன்னு இன்னொரு வாட்டி பாருங்க. அந்தச் சின்ன ரூம்ல ராஜாவும் லோக்கும் அதை வெச்சுட்டு மல்லுக்கட்டற கட்டம் இருக்குல்ல, அதுதான் நமக்கான படம், மீதி எல்லாம் கதைக்கு.

நிஜத்துலயும் அப்படித்தான் நடந்துச்சு. ஷூட்டிங் தொடங்க சில வாரம் இருக்கறப்போ லோக்கோட பேரன்கிட்ட இருந்த டைரி, கடிதம் எல்லாம் படக்குழு கைக்குக் கிடைச்சது. லோக் என்ன பண்ணுவாருன்னா ராஜாவோட உரைல எங்கெங்க நிக்கணுமோ அங்க செங்குத்தா கோடு போடுவாரு, ராஜாவுக்கு இடறக்கூடிய சொல்லு இருந்தா வேற சொல்லு வெப்பாரு. யோசிச்சுப் பாருங்க, அரண்மனைக்கு வந்த உரை, அரசாங்கம் பாத்து ஓகே பண்ணின உரை, அதுல ஒரு பயிற்சியாளர் பென்சிலை எடுத்து சொல்லை மாத்தறாரு, ஏன்னா அந்த வாய்ல அது வராது. பேப்பர்ல எவ்ளோ அழகா இருந்தாலும் அந்த வாய்ல வரலைன்னா அது செத்த வாக்கியம். லோக் பண்ணினதுல பாதி நாம டிராஃப்ட்லயே பண்ணியிருக்க வேண்டிய வேலை.

இப்ப அந்த உரையையே எடுத்துக்கோங்க. சுமார் 400 சொல்லு, அதை அவர் ஆறு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மியா பேசினாரு. கணக்குப் போட்டா நிமிஷத்துக்கு எழுபது சொல்லு பக்கம் வரும். இங்கிலீஷ்ல நியூஸ் வாசிக்கறவங்க அதுல ரெண்டு மடங்கு வேகத்துல போவாங்க. அவ்ளோ மெதுவா பேசியும் ஏன் இழுவையா தெரியலைன்னா வாக்கியம் அந்த வேகத்தைத் தாங்குது. முதல் வாக்கியம் மட்டும் ஐம்பது சொல்லைத் தாண்டும், ஆனா எண்ணிப் பாத்தா அது ஏழெட்டுத் துண்டு, எந்தத் துண்டும் பன்னெண்டு சொல்லுக்கு மேல இல்ல, ஒவ்வொண்ணுக்கு அப்புறமும் நின்னு மூச்சு வாங்கினாலும் அர்த்தம் கெடாது. இந்தக் கடுமையான நேரத்துல, நம்ம சரித்திரத்துலயே விதியை முடிவு பண்ற நேரமா இருக்கலாம், உள்நாட்டுலயும் கடல் கடந்தும் இருக்கற என் மக்களோட ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தச் செய்தியை அனுப்பறேன், உங்க வாசப்படி ஏறி வந்து உங்ககிட்ட நானே நேர்ல பேசினா எந்த உணர்ச்சியோட பேசுவேனோ அதே உணர்ச்சியோடன்னு போகும். அது முடிஞ்ச உடனே அடுத்தது எப்படி வருது தெரியுமா, நம்மள்ல பெரும்பாலானவங்க வாழ்நாள்ல ரெண்டாவது தடவையா நாம போர்ல இருக்கோம். அவ்ளோதான். முதல்ல அவ்ளோ நீளமா இழுத்துட்டு அடுத்ததை சட்டுனு நிறுத்தறாங்க பாருங்க. பின்னாடி ஒரு இடத்துல 'வேலை கஷ்டமா இருக்கும்'னு இங்கிலீஷ்ல அஞ்சே சொல்லு. இந்த ஏத்த இறக்கத்தைப் பண்ணினது காலின் ஃபர்த்தோ ஆறாம் ஜார்ஜோ இல்ல, பேப்பர்ல உக்காந்து யாரோ ஒருத்தர் பண்ணியிருக்காரு.

உங்க எம்.டி. நடுவுல மூச்சு வாங்கறார்னா அவர் மேல தப்பு தேடாதீங்க, உங்க வாக்கியத்துல மூச்சு வாங்க இடம் இருக்கான்னு பாருங்க. நாம எழுத்துத் தமிழ்ல எழுதறப்போ வினைச்சொல்லு கடைசிலதான் வரும், அதனால நடுவுல 'ஆகவும்', 'என்பதையும்', 'கூடியதாகவும்'னு கோத்துட்டே போவோம், படிக்கறவருக்குத் திரும்பி மேல பாக்க வசதி இருக்கு, பேசறவருக்கு அந்த வசதி கிடையாது, கடைசி சொல்லு வர்ற வரைக்கும் தம் கட்டணும்.

சர்ச்சில் வழியைப் பாருங்க, அது இன்னும் பிராக்டிகல். அவர் 1904ல நாடாளுமன்றத்துல பேசிட்டிருந்தப்போ பாதில மறந்து போய் பேச்சை முடிக்க முடியாம உக்காந்துட்டாரு, அதுக்கப்புறம் முழு நோட்ஸ் இல்லாம பெருசா எதுவும் பேசறதில்ல. அந்த நோட்ஸை எப்படி டைப் அடிக்கச் சொல்வார்னா பத்தி பத்தியா இல்ல, பைபிள் சங்கீதம் மாதிரி வரி வரியா உடைச்சு, எங்க நிக்கணுமோ அங்க வரி முடியும். இதுக்கு ஒரு செலவும் இல்ல. அடுத்த உரையை ஒரு மூச்சுக்கு ஒரு வரின்னு என்டர் தட்டி அடிச்சுக் குடுங்க. எந்த வரி பக்கத்தோட அந்தக் கடைசிக்குப் போகுதோ அது நீளம், வெட்டுங்க.


பழையபேப்பர்:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா படத்தைப் பாடமா எடுத்துக்கறப்போ ஒண்ணு ரெண்டு விஷயத்தைத் தெரிஞ்சுட்டு எடுத்துக்கறது நல்லது, இல்லன்னா அடுத்த ட்ரெயினிங்ல யாராவது இதை வரலாறா சொல்லிட்டு மாட்டிக்குவாங்க.

படத்துல 1930கள்ல பயிற்சி ஆரம்பிச்சு போர் வர்றப்போ உச்சத்துக்குப் போற மாதிரி இருக்கும். நிஜத்துல ராஜா லண்டன் வெம்ப்ளி கண்காட்சில பேச முடியாம திணறினது 1925, லோக்கை முதல்ல பாத்தது 1926 அக்டோபர், 1927 மே மாசமே கான்பெர்ரா போய் புது பார்லிமென்ட் கட்டடத்தைத் திறந்து வெச்சுப் பேசிட்டாரு. அதாவது அந்த 1939 பேச்சுக்குப் பின்னாடி பதிமூணு வருஷ உழைப்பு இருக்கு, கடைசி நிமிஷ அதிசயம் எல்லாம் சினிமாவுக்கு. சர்ச்சில் படத்துல முதல்ல இருந்தே இவர் பக்கம் நிக்கற மாதிரி வரும், அதுவும் தப்பு, முடி துறக்கற பிரச்சனைல சர்ச்சில் ராஜாவோட அண்ணன் எட்டாம் எட்வர்டுக்காக வாதாடி நாடாளுமன்றத்துல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவரு. எட்வர்டு 1936 டிசம்பர்ல ரேடியோல விடைபெற்றாரே, அந்த உரையைக் கூட சர்ச்சில் கை வெச்சு மெருகேத்தினதுதான்.

இப்ப நம்ம விஷயம். இதே 1939 செப்டம்பர் 3ல ரெண்டு பேச்சு இருக்கு. காலைல 11.15க்கு பிரதமர் சேம்பர்லின், சாயங்காலம் 6 மணிக்கு ராஜா. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, ரெக்கார்டிங் ஈஸியா கிடைக்கும். சேம்பர்லினுக்கு ஒரு திக்கலும் இல்ல, குரல் தெளிவு. ஜெர்மனிகிட்ட இருந்து அப்படி எந்த உறுதியும் வரல, அதனால இந்த நாடு ஜெர்மனியோட போர்ல இருக்குன்னு சொல்ற அந்த வாக்கியம் நேரடியா, ரொம்ப நல்லா இருக்கும். ஆனா அடுத்தது என்ன தெரியுமா, அமைதிக்காக நான் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சே, எனக்கு இது எவ்ளோ பெரிய அடின்னு நீங்களே நினைச்சுப் பாருங்கங்கற மாதிரி போகும். கேக்கறவன் வீட்டுல புள்ளையை ராணுவத்துக்கு அனுப்பணுமான்னு வயித்துல நெருப்பைக் கட்டிட்டு உக்காந்திருக்கான், இவர் தன்னோட வருத்தத்தைச் சொல்றாரு. ராஜா உரைல அந்த 'எனக்கு' இல்ல பாருங்க, உங்க வீடு, உங்க வாசப்படி, நம்மள்ல பெரும்பாலானவங்கன்னு போகுது. எழுதறவங்க கத்துக்க வேண்டியது இங்க நிறைய இருக்கு, அதுக்குப் படம் கூட தேவையில்ல.

படத்துல எனக்குப் பிடிச்ச இடம் சின்னது. குடும்பமா உக்காந்து நியூஸ் ரீல் பாக்கறாங்க, ஹிட்லர் கத்திட்டிருக்கான், பொண்ணு கேக்குது என்ன சொல்றார்னு, ராஜா சொல்றாரு, தெரியல, ஆனா நல்லா சொல்ற மாதிரி இருக்கு. சிரிப்பா எடுத்திருப்பாங்க, எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. நல்லா சொல்றதும் நல்லதைச் சொல்றதும் வேற வேறன்னு இந்தத் தொழில்ல இருக்கறவங்க அடிக்கடி நினைச்சுக்கணும்.

அப்புறம் படத்துல அப்பா அஞ்சாம் ஜார்ஜ் கிறிஸ்துமஸ் ரேடியோ உரை வாசிப்பாரு இல்ல, அந்தப் பழக்கம் ஆரம்பிச்சது 1932ல. முதல் உரையை எழுதிக் கொடுத்தவர் ரட்யார்ட் கிப்ளிங். நோபல் வாங்கின ஆளு, ஆனா உரைல தன் பேனா தெரியாத மாதிரி எழுதியிருப்பாரு, என் வீட்டுல இருந்தும் மனசுல இருந்தும் உங்க எல்லார்கிட்டயும் பேசறேன்னு ஒரு வயசான மனுஷன் சொல்ற மாதிரியே இருக்கும். அன்னிக்கு கேட்டவங்களுக்கு ராஜாதான் தெரிஞ்சாரு, கிப்ளிங் தெரியல. உங்க எம்.டி. பேசி முடிச்சதும் 'யாருங்க எழுதினது, சூப்பர்'னு யாராவது கேட்டா சந்தோஷப்படாதீங்க, அது அடிதான்.


பேச்சுமொழி:

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். இந்தப் படத்தைப் பாத்துட்டு எங்ககிட்ட வர்ற பெற்றோர் நிறைய பேர், அதனால சில விஷயம் சொல்லணும்.

முதல்ல, அப்பா திட்டினதால, இடதுகைப் பழக்கத்தை மாத்தினதால திக்கல் வந்துச்சுங்கற மாதிரி படம் ஒரு கோடு போடுது. இன்னிக்கு அப்படி யாரும் சொல்றதில்ல, மூளை வளர்ச்சியும் பரம்பரையும் சம்பந்தப்பட்ட விஷயமா தான் பாக்கறோம், பயமும் அவமானமும் அதை மோசமாக்கும், அவ்ளோதான். ஹெட்ஃபோன்ல சத்தமா மியூசிக் போட்டு வாசிக்க வெச்சு ரெக்கார்டு பண்றதும், பாடறப்போ திக்காம வர்றதும் மட்டும் உண்மை, எங்க ஆளுங்கள்ல நிறைய பேருக்கு அப்படி இருக்கும், ஆனா அதை வெச்சு மேடைல பேச முடியாதே.

எழுதறவங்களுக்கு நான் சொல்றது வேற. மேல ஒருத்தர் லோக் சொல்லை மாத்தினாருன்னு சொன்னாரு, அது உண்மை, ஆனா அதை அப்படியே எடுத்துக்காதீங்க. திக்கற ஒருத்தருக்கு எழுதறீங்கன்னா அவர்கிட்ட கேக்காம கஷ்டமான சொல்லையெல்லாம் நீங்களா எடுத்துடாதீங்க. நாங்க இன்னிக்கு பொதுவா சொல்லைத் தவிர்க்கறதை ஊக்குவிக்கறதில்ல, தவிர்க்கத் தவிர்க்க பயம்தான் கூடும். எந்த ஒலி இடறும்ங்கறதும் ஆளுக்கு ஆள் மாறும். சில பேர் 'அந்தச் சொல்லு இருக்கட்டும், நான் திக்கியே சொல்லிக்கறேன்'னு சொல்வாங்க. அது அவங்க முடிவு. படத்துல பேச்சு முடிஞ்சதும் லோக் 'டபிள்யூல இன்னும் திக்கினீங்க'ங்கறாரு, ராஜா 'நான்தான்னு தெரிய வேண்டாமா, அதான் ரெண்டு மூணு சேத்தேன்'ங்கறாரு. எங்க க்ளினிக்ல நாங்க எதிர்பாக்கறது அந்த மனநிலையைத்தான். கதை எழுதின டேவிட் சைட்லருக்கே சின்ன வயசுல திக்கல் இருந்துச்சு, அதனாலதான் அந்த வசனம் அவ்ளோ சரியா உக்காந்திருக்கு.

இன்னொண்ணு, இது திக்கல் இல்லாதவங்களுக்கும் சேத்துதான். திக்கறவங்களுக்கு ரொம்ப கஷ்டமான சொல்லு எது தெரியுமா? பேரு. சொந்தப் பேரு முக்கியமா. ஏன்னா அதுக்கு மாத்துச் சொல்லு கிடையாது. நம்ம ஊரு மேடைல பேச்சு எதுல ஆரம்பிக்குது? 'மதிப்பிற்குரிய இவர் அவர்களே, அன்பிற்குரிய அவர் அவர்களே'ன்னு பத்து பேரு, பதவியோட, இனிஷியலோட, ஒண்ணு விட்டா மனஸ்தாபம். பதட்டம் உச்சத்துல இருக்கற முதல் நிமிஷத்துல மாத்த முடியாத சொல்லு பத்தை வரிசையா நிக்க வெக்கறோம். உங்க எம்.டி. குரல் தட்டையாகறது அங்க இருந்தே ஆரம்பிக்குதான்னு கவனிச்சுப் பாருங்க. வரவேற்புரை சொல்றவர் எல்லாரையும் விளிச்சு முடிச்சிருப்பாரு, இவர் 'மேடைல இருக்கற பெரியவங்களுக்கும் எதிர்ல இருக்கற உங்களுக்கும் வணக்கம்'னு சொல்லிட்டு அவருக்குப் பிடிச்ச, அவர் வாய்ல ஏற்கனவே பழகின ஒரு வாக்கியத்துல இறங்கிட்டா பாதி பிரச்சனை போயிடும். பேரு சொல்லியே ஆகணும்னா நடுவுல, அவங்கவங்க பண்ணின வேலையோட சேத்துச் சொல்ல வெங்க. கேக்கவும் நல்லா இருக்கும்.


கடைசிபெஞ்ச்:

எல்லாரும் ஒரேயடியா புகழறீங்க, நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடிக்கறேன்.

அந்த உரையோட நடுப்பகுதியைப் படிச்சீங்களா? ஒரு நாடு தன் அதிகார ஆசைக்காக மத்த நாடுகளோட சுதந்திரத்து மேல பலத்தைக் காட்டலாம்ங்கற கொள்கையை எதிர்த்துதான் போருக்குப் போறோம், அதோட முகமூடியைக் கழட்டினா வல்லான் வகுத்ததே வாய்க்கால்ங்கற காட்டுமிராண்டித்தனம்தான் மிச்சம்னு வரும். அப்படியே தொடர்ந்து, கடல் கடந்து இருக்கற என் மக்கள் எங்க நோக்கத்தைத் தங்களோட நோக்கமா ஏத்துக்குவாங்கன்னு வரும். கடல் கடந்து இருந்த மக்கள்ல நாமளும் உண்டு. நம்மகிட்ட யாராவது கேட்டாங்களா? அதே 1939 செப்டம்பர் 3ல வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் யாரையும் கேக்காம இந்தியாவும் போர்ல இருக்குன்னு அறிவிச்சுட்டாரு. அதுக்கு எதிர்ப்பா காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா பண்ணுச்சு, மெட்ராஸ்ல ராஜாஜி மந்திரிசபை அக்டோபர் கடைசில வெளியே வந்துச்சு. பலம்தான் நியாயம்னு சொல்றது தப்புன்னு, பலத்தால நம்மள ஆண்டுட்டிருந்தவங்க ரேடியோல சொல்றாங்க. லண்டன்ல அந்த உரையைக் கேட்டவனுக்குக் கண்ணு கலங்கியிருக்கலாம், இங்க கேட்டவன் என்ன நினைச்சிருப்பான்?

பீத்தோவன் ஏழாம் சிம்பொனி பின்னாடி ஓடறப்போ இது எதுவும் தோணாது, அதுதான் சினிமாவோட வேலை. ஆனா எழுதறவங்க அந்த மியூசிக்கை ஆஃப் பண்ணிட்டுப் படிக்கணும். உரைல 'நாம'ன்னு எழுதறப்போ யார் யாரை அதுக்குள்ள இழுக்கறோம், அவங்க அந்த 'நாம'க்குள்ள வர சம்மதிச்சாங்களான்னு ஒரு தடவை யோசிக்கணும். டீலர் கமிஷனைக் குறைச்ச வருஷம் டீலர் மீட்டிங்ல 'நாம எல்லாம் ஒரே குடும்பம்'னு எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க எம்.டி. எவ்ளோ அழகா நிறுத்தி நிதானமா பேசினாலும் பின் வரிசைல சிரிப்பானுங்க. நான் அந்தப் பின் வரிசைல உக்காந்து சிரிச்சவன், அதனால சொல்றேன்.

மைக்டெஸ்டிங் சொன்ன மூச்சுக் கணக்கு எல்லாம் ஓகே ப்ரோ, ஆனா அது எல்லாம் ரெண்டாவது.


மைக்டெஸ்டிங்:

கடைசிபெஞ்ச் பாயின்ட்டு நல்ல பாயின்ட்டு, அதை மறுக்கல. ஆனா 'ரெண்டாவது'ங்கறதை ஒத்துக்க மாட்டேன். விஷயம் நேர்மையா இருந்து வாய்ல வராம போனா அதுவும் யாருக்கும் போய்ச் சேராது. நல்ல விஷயத்தை வெச்சுட்டு பேப்பர்ல புதைச்சவங்களை நான் நிறைய பாத்திருக்கேன்.


கடைசிபெஞ்ச்:

அது சரி. ஆனா வாய்ல நல்லா வர்ற பொய்யால நடந்த கேடு அதை விட ஜாஸ்தி, மேல பழையபேப்பர் அய்யா சொன்ன நியூஸ் ரீல் ஆளை நினைச்சுக்கோங்க.


பின்னணிக்குரல்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. பேச்சுமொழி மேடம் சொன்ன 'அவர்களே' மேட்டர் எனக்கு சுரீர்னு பட்டுச்சு, போன ஆண்டு விழா வீடியோவை எடுத்துப் பாத்தேன், அப்படியேதான், பேர் லிஸ்ட்டை முடிச்சுட்டு வர்றப்போ மனுஷன் டயர்டா தெரியறாரு, அங்க பிடிச்ச அந்தத் தட்டைக் குரல் கடைசி வரைக்கும் விடல. கடைசிபெஞ்ச் சொன்னதும் உறைக்குது, இந்த மாசம் 20ஆம் தேதி டீலர் மீட்டிங் வேற இருக்கு (கமிஷன் குறைக்கல, நிம்மதி).

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, எங்க எம்.டி. ரிகர்சலுக்கு உக்காரவே மாட்டாரு. 'அனுப்பிடு, கார்ல பாத்துக்கறேன்'தான். ராஜாவுக்கு லோக் கிடைச்சாரு, நான் எங்க போறது? ரெண்டாவது, மேற்கோள் வெக்கலாமா? அவருக்கு ஒரு குறளாவது இல்லாம உரை இருந்தா பிடிக்காது, ஆனா அந்த இடம் வந்தாலே ஸ்கூல் பையன் ஒப்பிக்கற மாதிரி ஆயிடுது.


பழையபேப்பர்:

மேற்கோளுக்கு நான் ஒரு கதை சொல்றேன், இதே ராஜா கதைதான். படம் செப்டம்பரோட முடிஞ்சிடுது, ஆனா அவரோட இன்னும் பிரபலமான உரை ஒண்ணு அதே 1939 கிறிஸ்துமஸுக்கு. அதோட முடிவுல ஒரு கவிதை வரும், புது வருஷத்தோட வாசல்ல நிக்கறவன்கிட்ட 'எனக்கொரு விளக்குக் குடு, தெரியாத இடத்துக்குப் பத்திரமா நடந்து போகணும்'னு கேட்டேன், அவன் 'இருட்டுக்குள்ள போ, கடவுள் கையில உன் கையைக் குடு, அது விளக்கை விட நல்லது'ன்னு சொன்னான்னு. கேட்ட ஜனங்க யாருக்கும் யாரோட கவிதைன்னு தெரியல, பிபிசிக்கே உடனே தெரியல. எழுதினது மின்னி லூயிஸ் ஹாஸ்கின்ஸ்ங்கற அம்மா. நம்ம மெட்ராஸோட சம்பந்தப்பட்டவங்க, 1907ல மிஷனரி வேலைக்கு இங்க வந்தவங்க, அந்தக் கவிதை 1908ல எழுதினது, மிஷன் வேலைக்குப் பணம் சேக்கறதுக்காக 1912ல போட்ட ஒரு சின்னத் தொகுப்புல வந்துச்சு. தன் கவிதையை ராஜா வாசிச்சாருன்னு அவங்களுக்கே முன்கூட்டித் தெரியாது.

நான் சொல்ல வர்றது என்னன்னா ராஜா அங்க ஷேக்ஸ்பியரையோ மில்டனையோ எடுத்திருக்கலாம். எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்ச வரியை எடுத்திருந்தா கேக்கறவங்க மனசு தானா அடுத்த வரிக்குப் போயிடும், காது மூடிக்கும். யாருக்கும் தெரியாத வரி, அதுவும் போர்ல அடுத்த வருஷம் என்ன ஆகுமோன்னு பயந்துட்டிருக்கற ஜனங்களுக்கு 'அடுத்த வருஷத்தோட வாசல்'னு அந்த நேரத்துக்கே எழுதின மாதிரி ஒரு வரி. உங்க எம்.டி.க்குக் குறள்தான் வேணும்னா 1330 இருக்கு, எல்லாரும் சுத்திச் சுத்தி அந்த இருபதையே எடுக்கறாங்க. அவருக்கு நிஜமாவே பிடிச்சது ஏதுன்னு கேளுங்க, ஏன் பிடிச்சதுன்னும் கேளுங்க, அந்த 'ஏன்'தான் உரைல வரணும், குறள் அதுக்கு அப்புறம் வந்தாலும் போதும்.


மைக்டெஸ்டிங்:

ரிகர்சல் விஷயத்துக்கு: உக்கார மாட்டாருன்னா உக்கார வெக்காதீங்க. நீங்களே சொன்னீங்கல்ல, கேபின்ல அருமையா பேசுவாருன்னு. படத்துல லோக் ராஜா குரலை கிராமபோன் தட்டுல ரெக்கார்டு பண்ணிக் குடுப்பாரே, ராஜா கோவத்துல போயிட்டு ராத்திரி தனியா போட்டுக் கேக்கறப்போதான் தெரியும் தான் திக்காம ஹாம்லெட் வாசிச்சிருக்கோம்னு. நீங்க போன்ல அதைப் பண்ணுங்க, அவர்கிட்ட சொல்லிட்டுத்தான், திருட்டுத்தனமா வேண்டாம். 'சார், டீலர்ஸ்கிட்ட என்ன சொல்லணும்னு நினைக்கறீங்க, பத்து நிமிஷம் சும்மா சொல்லுங்க'ன்னு கேளுங்க, ரெக்கார்டு பண்ணுங்க, வார்த்தைக்கு வார்த்தை டைப் அடிங்க, அடுக்கை மட்டும் மாத்துங்க, சொல்லைத் தொடாதீங்க. அவர் கேபின்ல 'நமக்கு என்னன்னா'ன்னு ஆரம்பிக்கறவரா இருந்தா உரைலயும் 'நமக்கு என்னன்னா'தான், 'இத்தருணத்தில்' எல்லாம் வேண்டாம். ரிகர்சல் அங்கயே முடிஞ்சிடுது, ஏன்னா அந்த வாக்கியம் ஏற்கனவே அவர் வாய்ல ஒரு தடவை வந்தது.

கார்ல படிப்பாருன்னா அதுக்கும் ஏத்த மாதிரி குடுங்க. பெரிய எழுத்து, பக்கத்தோட மேல் பாதில மட்டும் அச்சு, கீழ காலியா விடுங்க, இல்லன்னா குனிஞ்சு குனிஞ்சு குரல் நெஞ்சுக்குள்ள போயிடும். ஒரு வாக்கியம் அடுத்த பக்கத்துக்குத் தாவக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட், பக்க எண் பெருசா.


பின்னணிக்குரல்:

பேப்பரை ஸ்டேப்பிள் பண்ணிக் குடுக்கறதா, தனித்தனியா குடுக்கறதா? தனியா குடுத்தா கலைச்சுடுவாரோன்னு பயமா இருக்கு.


மைக்டெஸ்டிங்:

தனித்தனியா. பின் அடிச்சா புரட்டற சத்தம் மைக்ல கேக்கும். தனியா இருந்தா படிச்ச பக்கத்தை சத்தமில்லாம பக்கத்துல நகர்த்திக்கலாம். கலைச்சாலும் எண் பெருசா இருக்கு, சமாளிச்சுக்குவாரு. 20ஆம் தேதி முடிஞ்சதும் எப்படிப் போச்சுன்னு இங்கயே எழுதுங்க, பின் வரிசைல யாராவது சிரிச்சாங்களான்னும் சேத்து.


கடைசிபெஞ்ச்:

எந்த கம்பெனின்னு சொன்னா நானே வந்து உக்காந்து பாத்து சொல்லிடறேன் 😄